பேஜ்மேக்கர் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

சென்ற இதழில் பழைய கோப்புகளைப் பற்றிய ஒரு பதிலில் பேஜ்மேக்கர் என்று, கணினியில் அச்சுப் பக்கங்களை அமைக்கும் அந்தப் பழைய மென்பொருளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள், டி.டி.பி. சென்டர் நடத்தியவர்கள், அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து விழா மலர் வேலை முடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தத் திரைக்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

பேஜ்மேக்கரை உருவாக்கியது அடோபி கம்பெனிதானே? என் மகளின் கல்லூரிப் பாடத்தில் ஆல்டஸ் என்று வேறு பெயர் இருக்கிறது. எது சரி? – ஒரு வாசகர், சிவகாசி

உங்கள் மகளின் பாடம்தான் சரி. பேஜ்மேக்கர் பிறந்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஆல்டஸ் கார்ப்பரேஷன் என்ற சின்ன கம்பெனியில். முதல் பதிப்பு 1985 ஜூலையில் வந்தது. அடோபி கைக்கு அது போனது ஒன்பது வருடம் கழித்து, 1994இல், ஆல்டஸ் கம்பெனியையே அடோபி தன்னோடு இணைத்துக்கொண்டபோது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் பழகியது 6.5, 7 ஆகிய பதிப்புகளில் என்பதால் திறக்கும்போது அடோபி பெயரைத்தான் பார்த்தோம், அதுவே மனதில் பதிந்துவிட்டது.

ஆல்டஸைத் தொடங்கிய பால் பிரெய்னர்ட் பத்திரிகைக்காரர். ஓரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தவர், பெற்றோர் போட்டோ ஸ்டுடியோ நடத்தினார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மாணவர் நாளிதழுக்கு ஆசிரியராக இருந்தார், பிறகு மினியாபொலிஸ் நகரின் நாளிதழில் வேலை, அப்புறம் அட்டெக்ஸ் என்ற கம்பெனி. பெரிய செய்தித்தாள்களுக்குக் கணினி அமைப்பு செய்து விற்ற கம்பெனி அது. அதைக் கோடாக் வாங்கி, சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரெட்மண்டில் இருந்த ஆராய்ச்சிக் கிளையை மூடியது. வேலை போன பிரெய்னர்ட், கூட இருந்த நான்கு பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு, தன் சேமிப்பிலிருந்து ஏறக்குறைய 1 லட்சம் டாலரைப் போட்டு 1984இல் ஆல்டஸைத் தொடங்கினார்.

முதலில் அவர்கள் மனதில் இருந்தது சிறிய ஊர்ப் பத்திரிகைகள். ஆனால் ஒரு பத்திரிகை நிர்வாகம் ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் கையில் இருக்கும் பணம் தீர்ந்துவிடும் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. அதனால் மாதாந்திரச் செய்திமடல் போடும் சங்கம், தேவாலயம், பள்ளி, அலுவலகம் என்று யாரெல்லாம் அச்சகத்தை நம்பி இருந்தார்களோ அவர்கள் எல்லோருக்குமாக அதை மாற்றினார்கள். இதற்கு 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்று பெயர் வைத்ததும் பிரெய்னர்ட்தான் என்று சொல்வார்கள். நம் ஊர்த் தெருக்களில் பெயர்ப்பலகைகளில் தொங்கிய 'டி.டி.பி.' அங்கிருந்து வந்ததுதான்.

கம்பெனியின் பெயர் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் பெயர். 1490களில் அங்கே அச்சகம் தொடங்கியவர். சாய்வெழுத்தை முதலில் அச்சில் கொண்டுவந்தது அவருடைய அச்சகம், அந்த எழுத்தை வெட்டிக்கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. மேசை மேல் விரித்து வைத்துப் படித்த பெரிய புத்தகங்களைக் கையில் பிடித்துப் படிக்கும் அளவுக்குச் சிறிதாக்கி அச்சிட்டதற்காகத்தான் ஆல்டஸை இன்றும் நினைக்கிறார்கள். பழைய பேஜ்மேக்கர் பெட்டிகளில் பக்கவாட்டில் ஒரு முகம் இருக்குமே, அது அவர் முகம்.

அண்ணா, நான் ஒட்டுவேலை பார்த்துக்கொண்டிருந்தவள். 1996இல் பேஜ்மேக்கர் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள், கணினியே தொட்டதில்லை, ஆனால் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கூட இருந்த டைப்பிஸ்ட் பெண்களுக்கு இன்னும் அதிக நாளானது. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. – ஒரு வாசகி, திருச்சி

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் பேஜ்மேக்கரின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேயே கை வைத்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சீக்கிரம் வந்ததற்குக் காரணம், அது உங்கள் மேசையைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதுதான்.

ஒட்டுவேலை பார்த்திராத இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மேட்டர், அதாவது பக்கத்தில் வர வேண்டிய எழுத்து, நீள நீளமான துண்டுகளாக அச்சாகி வரும். அதைப் பத்தி அகலத்துக்கு வெட்டி, அட்டையில் பசை தடவி ஒட்ட வேண்டும், படத்துக்கு இடம் விட வேண்டும், தலைப்பைத் தனியாக ஒட்ட வேண்டும், டி-ஸ்கொயர் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வரி கூடிவிட்டால் அந்த ஒரு வரியை பிளேடால் வெட்டி எடுத்து அடுத்த பக்கத்தில் ஒட்ட வேண்டும். முழு அட்டையையும் பிறகு பெரிய கேமராவில் படமெடுத்து ஃபிலிம் ஆக்குவார்கள்.

இப்போது பேஜ்மேக்கரை நினைத்துப் பாருங்கள். நடுவில் பக்கம், சுற்றிலும் வெள்ளையாக ஒரு பெரிய மேசை. வெட்டி வைத்த துண்டை மேசை ஓரத்தில் போட்டு வைப்பது போல, எந்தப் பத்தியையும் படத்தையும் பக்கத்துக்கு வெளியே இழுத்துப் போட்டு வைக்கலாம், நீங்கள் வேறு பக்கத்துக்குப் போனாலும் அது அங்கேயே இருக்கும். ஒட்டும் அட்டையில் வெளிர் நீலப் பென்சிலால் கோடு போடுவீர்கள், அது கேமராவில் விழாது. பேஜ்மேக்கரின் வழிகாட்டிக் கோடுகளும் திரையில் தெரியும், அச்சில் வராது. ஒரு பத்தியைக் கிளிக் செய்தால் மேலும் கீழும் ஜன்னல் திரைச்சீலை மாதிரி இரண்டு கைப்பிடிகள் வரும், கீழ்க்கைப்பிடியை மேலே சுருட்டினால் மீதி மேட்டர் உள்ளே காத்திருக்கும், அதன் சிவப்பு முக்கோணத்தைத் தட்டி அடுத்த பத்தியில் ஊற்றலாம். பிளேடு இல்லாமல் வெட்டி ஒட்டுவதுதான் அது.

செய்தித்தாள் அலுவலகத்துக்குள் இருந்து வந்தவர் தலைமையில் செய்ததால்தான் இப்படி அமைந்தது என்று நான் நம்புகிறேன். அதே காலத்தில், 1986இல், பி.சி.க்கு வென்ச்சுரா பப்ளிஷர் என்று ஒன்று வந்தது, ஜெராக்ஸ் கம்பெனி விற்றது. பெரிய புத்தகங்களுக்கு அது பேஜ்மேக்கரைவிடக் கெட்டிக்காரத்தனமானது. தலைப்பு இப்படி, உடல் எழுத்து இப்படி என்று முதலிலேயே விதியை எழுதிவிட்டால் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தானே ஓட்டிக்கொண்டு போகும். ஆனால் அதற்கு விதிகளில் சிந்திக்க வேண்டும். பேஜ்மேக்கருக்குக் கையும் கண்ணும் போதும். உங்களுக்கு இரண்டும் ஏற்கெனவே பழகியிருந்தது.

லேசர் பிரிண்டர் வந்ததால்தான் டி.டி.பி. வந்தது, பேஜ்மேக்கர் இல்லாவிட்டாலும் வேறொன்று வந்திருக்கும் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து? – ஒரு வாசகர், ஈரோடு

நண்பர் சொல்வதில் பாதி சரி. பிரிண்டர் இல்லாமல் பேஜ்மேக்கர் திரையில் தெரியும் வெறும் படம். ஆனால் அந்தப் பிரிண்டரும் தனியாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

ஆப்பிள் கம்பெனியின் லேசர்ரைட்டர் 1985இல் வந்தது, விலை 6,995 டாலர். அது காகிதத்தில் போட்டது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், ஆப்பிளின் மேக் கணினித் திரையில் இருந்ததோ 72. உள்ளே இருந்த அச்சு இயந்திரம் கேனன் செய்தது. ஆனால் விலை அதற்காக இல்லை. பிரிண்டருக்குள் ஒரு முழுக் கணினி இருந்தது, அதன் சில்லு மேக்கில் இருந்த அதே மோட்டோரோலா 68000, ஓடிய வேகமோ மேக்கைவிட அதிகம், நினைவகமும் அதிகம், 1.5 மெகாபைட். எதற்கு அவ்வளவு? போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைப் படிக்க. அடோபியைத் தொடங்கிய ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தை விட்டு 1982இல் வெளியே வந்து உருவாக்கிய மொழி அது. எழுத்தைப் புள்ளிகளாக அனுப்பாமல், இந்த வளைவு இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று கணக்காக அனுப்பும். எவ்வளவு நுணுக்கமாகப் போட முடியுமோ அவ்வளவு நுணுக்கமாகப் பிரிண்டரே அதை வரைந்துகொள்ளும். இதனால் என்ன லாபம் என்றால், அலுவலகத்தில் 300 புள்ளியில் புரூஃப் எடுத்த அதே கோப்பை லினோடிரானிக் என்ற ஃபிலிம் போடும் இயந்திரத்துக்கு அனுப்பினால் 1270 புள்ளியிலோ 2540 புள்ளியிலோ ஃபிலிமாக வந்துவிடும், வரி இடம் மாறாது. புரூஃபில் பார்த்ததுதான் அச்சில் வரும் என்ற நம்பிக்கை கிடைத்தது.

ஆக பிரிண்டருக்குத் திறமை இருந்தது. அந்த விலை கொடுத்து அதை வாங்கி என்ன செய்வது என்பதற்குப் பதில் பேஜ்மேக்கரில் இருந்தது. 495 டாலருக்கு வந்த அந்த முதல் பதிப்பில் ஒரு கோப்புக்கு 16 பக்கம்தான். ஆனாலும் ஒரு செய்திமடலுக்கு 16 பக்கம் தாராளம். 1985இல் மேக் எதிர்பார்த்த அளவுக்கு விற்காமல் தடுமாறிக்கொண்டிருந்தது, அதை அலுவலகங்கள் வாங்க ஒரு காரணத்தைக் கொடுத்ததும் லேசர்ரைட்டர், போஸ்ட்ஸ்கிரிப்ட், பேஜ்மேக்கர் மூன்றும் சேர்ந்த கூட்டணிதான். யார் பெரியவர் என்று பிரித்துப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேஜ்மேக்கர் விண்டோஸுக்கு எப்போது வந்தது? – ஒரு மாணவர், வேலூர்

1987இல். அப்போது பி.சி. வைத்திருந்தவர்களில் மிகச் சிலரிடம்தான் விண்டோஸ் இருந்தது, அதனால் பேஜ்மேக்கரை ஓட்டுவதற்குத் தேவையான அளவு விண்டோஸ் 1ஐ அந்தப் பெட்டியிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். விண்டோஸ் என்றால் என்ன என்று பலர் முதலில் பார்த்தது பேஜ்மேக்கர் வழியாகத்தான்.

ஐயா, பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது என்கிறார்கள். அப்படியானால் இத்தனை வருடம் தமிழ்ப் பத்திரிகைகளும் புத்தகங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அதில் எப்படி வந்தன? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உண்மைதான், அதற்குத் தமிழ் தெரியாது, கடைசிப் பதிப்பு வரைக்கும் தெரியவில்லை. நாம் அடித்ததை எல்லாம் அது ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்குள் ஓர் எண் உண்டு, பேஜ்மேக்கர் காலத்து எழுத்துருவில் அதிகபட்சம் 256 இடங்கள். அதில் ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பிய மொழிகளின் புள்ளி வைத்த எழுத்துகளும் உட்கார்ந்திருக்கும். நம்மவர்கள் அந்த இருக்கைகளில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தார்கள். 247 எழுத்தையும் தனித்தனியாக வைக்க இடம் போதாது என்பதால் உடைத்து வைத்தார்கள். கொம்பு தனி, கால் தனி, கொக்கி தனி. ஆனால் கு, கூ, மு, மூ போன்றவற்றுக்குக் கொக்கி மாட்டினால் உருவம் வராது, அவற்றை முழு எழுத்தாகவே வைத்தாக வேண்டும். 'கொ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால், கையால் எழுதுவது போலவே. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஏதோ மூன்று ஆங்கிலக் குறிகள்.

இதனால் பட்ட பாடு டி.டி.பி.காரர்களுக்குத்தான் தெரியும். வரி முடிவில் சொல்லை உடைக்கும் வசதியை அணைக்க மறந்தால், ஆங்கில விதிப்படி தமிழ்ச் சொல்லை உடைத்து நடுவில் கோடு போட்டுவிடும். கொம்பு ஒரு வரியில், அதன் எழுத்து அடுத்த வரியில். ஆங்கிலப் பத்திக்காக வைத்த ஸ்டைலில் 'எல்லாம் பெரிய எழுத்து' என்று இருந்து, அதைத் தெரியாமல் தமிழுக்குப் போட்டால் முழுப் பத்தியும் வேறு எழுத்துகளாக மாறிவிடும், ஏனென்றால் ஆங்கிலச் சின்ன ஏ (a) இருந்த இருக்கையில் ஒரு தமிழ் எழுத்து, பெரிய ஏ (A) இருக்கையில் வேறொன்று. மேற்கோள் குறியை அழகாக வளைத்துத் தரும் வசதியும் அப்படித்தான், சில எழுத்துருக்களில் அந்த இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். எனவே புதுக் கணினியில் பேஜ்மேக்கர் ஏற்றியதும் நாங்கள் செய்யும் முதல் வேலை இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அணைப்பது.

இன்னொரு பெரிய தொல்லை, எந்த இருக்கையில் எந்த எழுத்து என்பதில் ஆளுக்கொரு ஏற்பாடு. உங்கள் பக்கத்தில் பாமினி என்ற எழுத்துரு அதிகம் புழங்கியது, இங்கே ஸ்ரீலிபி, வானவில் என்று பல. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் படிக்கவே முடியாது. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது, அதையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தர ஏற்பாடுகளை அறிவித்தது. தமிழ் மட்டும் போதுமென்றால் டாம், ஆங்கிலமும் சேர்ந்து வேண்டுமென்றால் டாப். ஆனால் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் ஏற்பாடான யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது, உலகம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பேஜ்மேக்கரோ பழைய 256 இருக்கையிலேயே நின்றுவிட்டது.

இவ்வளவு தொல்லைக்கு நடுவிலும் இத்தனை ஆயிரம் தமிழ்ப் பக்கங்கள் அதில் வந்தன என்றால் அதற்குக் காரணம் அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கை. பெரும்பாலும் பெண்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்துவிட்டு வந்தவர்கள். கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டு நிமிடத்துக்கு எத்தனை சொல் அடிப்பார்கள் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலும் வந்ததில்லை. 'ஒளியச்சு' என்று போட்டுக் கடையின் பெயரைப் போடுவார்கள். அது எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம்.

பேஜ்மேக்கரா, கோரல் ட்ராவா, எது சிறந்தது? – ஒரு வாசகர், மதுரை

இரண்டுக்கும் வேலை வேறு. கனடாவின் ஒட்டாவாவில் இருந்து 1989இல் வந்த கோரல் ட்ரா, வரைவதற்கானது, ஒற்றைப் பக்க வேலைக்கானது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எல்லாம் கோரல். நாற்பது பக்க மலரைக் கோரலில் செய்தவர்களையும் எனக்குத் தெரியும், ஆனால் அவர்கள் பட்ட கஷ்டத்தையும் தெரியும்.

சார், நீங்கள் பேஜ்மேக்கரை இவ்வளவு புகழ்கிறீர்கள். அது ஒருமுறை தொங்கினால் மொத்த வேலையும் போய்விடும் என்று என் அம்மா சொல்வார். அதில் குறையே இல்லையா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

குறை நிறைய. அம்மா சொன்னது சரி.

செய்ததைத் திரும்பப் பெற ஒரே ஒரு படிதான் உண்டு. இன்று எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் போகலாம், அன்று ஒரு தடவை, அதுவும் எல்லா வேலைக்கும் கிடையாது. 4ஆம் பதிப்பு வரை ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் திறக்க முடியும், 1993இல் வந்த 5ஆம் பதிப்பில்தான் அது மாறியது. சேமிக்கச் சேமிக்கக் கோப்பு ஊதிக்கொண்டே போகும், ஏனென்றால் அது பழையதை அழிக்காமல் புதியதைப் பின்னால் ஒட்டும். 'சேவ் ஆஸ்' கொடுத்து அதே பெயரில் மறுபடி சேமித்தால் சட்டென்று இளைத்துவிடும். பழைய ஆட்கள் எல்லோரும் சாயங்காலம் கிளம்புவதற்கு முன் அதைச் செய்துவிட்டுத்தான் போவார்கள். பக்கம் மாறும்போது அதுவே ரகசியமாக ஒரு குட்டிச் சேமிப்பு செய்துவைக்கும், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு 'ரிவர்ட்' கொடுத்தால் அந்த இடத்துக்குத் திரும்பலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் பாதி நாள் வேலையை மறுபடி செய்திருக்கிறார்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு படம் 256 கிலோபைட்டுக்கு மேல் இருந்தால், இதைக் கோப்புக்குள்ளேயே வைக்கவா என்று பேஜ்மேக்கர் கேட்கும். கோப்பு பெரிதாகிவிடுமே என்று எல்லோரும் வேண்டாம் என்போம். அப்போது அது படத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு திரைக்காக ஒரு மங்கலான நகலைக் காட்டும். 1998 என்று நினைவு, ஒரு கோயில் கும்பாபிஷேக மலர். பேஜ்மேக்கர் கோப்பை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஃபிலிம் போடும் இடத்துக்குப் போனேன். ஃபிளாப்பியில் மொத்தமே 1.44 மெகாபைட்தான், படங்களுக்குத் தனி ஃபிளாப்பிகள், அதில் ஒன்று என் மேசையிலேயே கிடந்தது. அங்கே இருந்தவர் 'படம் கிடைக்கவில்லை' என்ற எச்சரிக்கையைப் பார்க்காமல் ஃபிலிம் எடுத்துவிட்டார், நானும் ஃபிலிமை விளக்கில் பிடித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். மூலவர் படம் கட்டம் கட்டமாக அச்சாகி வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் இருந்த அச்சுத் தாளை மட்டும் திரும்ப அடித்துக் கொடுத்தோம். அன்று முதல் ஃபிளாப்பிகளுக்கு எண் போட்டு, ஒரு தாளில் பட்டியல் எழுதி, எண்ணிப் பார்த்துத்தான் பையில் வைப்பேன். எழுத்துருவையும் சேர்த்து.

இவ்வளவு பேர் பயன்படுத்திய ஒன்றை ஏன் நிறுத்தினார்கள்? – ஒரு வாசகர், கோலாலம்பூர்

அமெரிக்காவில் அது நிறுத்தப்படுவதற்குப் பல வருடம் முன்பே தோற்றுவிட்டது. தோற்கடித்தது டென்வரில் இருந்து வந்த குவார்க்எக்ஸ்பிரஸ், 1987இல் தொடங்கியது. கண்ணால் பார்த்து இழுத்து வைப்பது பேஜ்மேக்கர் முறை. குவார்க்கில் இத்தனை பாயிண்ட், இத்தனை மில்லிமீட்டர் என்று எண் கொடுத்தால் மயிரிழை பிசகாமல் நிற்கும். வண்ணப் படத்தை அச்சுக்கான தனித்தனி நிறங்களாகப் பிரிப்பதிலும் அது முந்தியிருந்தது. கூடுதல் வசதிகளை வெளியார் எழுதிச் சேர்க்கவும் நன்றாக இடம் கொடுத்தது. பெரிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக அங்கே போய்விட்டன. வீட்டு மேசையில் செய்திமடல் போடுபவருக்கு உதவிய அதே எளிமை, வாரம் நூறு வண்ணப் பக்கம் போடுபவருக்குப் போதவில்லை.

1994இல் அடோபிக்குக் கிடைத்தது பத்து வருடப் பழைய அடித்தளம். அதன் மேல் கட்டிக்கொண்டே போவதா, இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்விக்கு, ஆல்டஸ்காரர்களே தொடங்கி வைத்திருந்த ஒரு புதிய திட்டத்தை வளர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 1998இல் குவார்க், அடோபியையே விலைக்கு வாங்கப் பார்த்தது, நடக்கவில்லை. மறு வருடம் அந்தத் திட்டம் இன்டிசைன் என்ற பெயரில் வெளிவந்தது. பேஜ்மேக்கருக்குக் கடைசியாக 2001இல் 7ஆம் பதிப்பு போட்டார்கள், சிறு தொழில்களுக்கும் பள்ளிகளுக்கும் என்று சொல்லி. 2004இல் இன்டிசைனிலேயே பேஜ்மேக்கர்காரர்களுக்கென்று ஒரு பதிப்பு, அவர்கள் கைக்குப் பழகிய கருவிப்பட்டை, விசைகளோடு. அதோடு கதை முடிந்தது. குவார்க்கையும் பிறகு அதே இன்டிசைன்தான் வீழ்த்தியது, ஆப்பிளின் புதிய இயங்குதளமான ஓ.எஸ். எக்ஸுக்குக் குவார்க் 2003 வரை வந்து சேராமல் தாமதித்தது இன்டிசைனுக்கு வழிவிட்டது.

நம் ஊரில் மட்டும் பேஜ்மேக்கர் தன் ஆயுளுக்கு மேல் வாழ்ந்தது. காரணம் பழக்கம் மட்டும் இல்லை. பழைய எழுத்துருக்கள், பழைய மேட்டர், பழைய விசைப்பலகைப் பழக்கம் எல்லாம் அதோடு பின்னிக் கிடந்தன. இன்டிசைனில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக உட்கார 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நாம் எங்கே போயிருக்க முடியும்?

ஃபிரீஹேண்ட் என்ற வரையும் மென்பொருளும் ஆல்டஸுடையதுதானே, அது என்ன ஆனது? – ஒரு ஓவியர், புதுச்சேரி

ஆல்டஸ் விற்றது, எழுதியது ஆல்ட்சிஸ் என்ற டெக்சாஸ் கம்பெனி. அடோபியிடம் ஏற்கெனவே இல்லஸ்ட்ரேட்டர் இருந்ததால், வரையும் மென்பொருள் இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையம் சொல்லி, இணைப்பின்போது ஃபிரீஹேண்ட் ஆல்ட்சிஸுக்கே திரும்பியது. அங்கிருந்து மேக்ரோமீடியா கைக்கு. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது, 2007இல் இனி ஃபிரீஹேண்ட் வளராது என்று அறிவித்தது. எந்தக் கையில் சேரக் கூடாது என்று தடுத்தார்களோ அங்கேயே போய் முடிந்தது. உங்களைப் போல் அதில் பழகிய ஓவியர்கள் இன்னும் அதன் கோட்டை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பா 22 வருடம் ஒரு சிற்றிதழ் நடத்தினார். அவர் போய்விட்டார். இதழ்களில் பாதி கையில் இல்லை, ஆனால் பேஜ்மேக்கர் கோப்புகள் சி.டி.யிலும் ஃபிளாப்பியிலும் இருக்கின்றன. திறந்தால் ஒன்றும் வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா அண்ணா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

உண்டு, அம்மா. இந்த இதழில் மற்ற எல்லாப் பதிலையும் விட்டுவிட்டாலும் இதை எழுதியிருப்பேன்.

முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். யு.எஸ்.பி.யில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் கிடைக்கிறது. ஒவ்வொன்றையும் அப்படியே நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எதையும் திருத்த வேண்டாம், பெயரைக்கூட மாற்ற வேண்டாம். பெயரின் கடைசியில் பி65 என்று இருந்தால் 6.5ஆம் பதிப்பு, பி.எம்.டி. என்று இருந்தால் 7. படக் கோப்புகள் அதே வட்டில் தனியாக இருக்கும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து எழுத்துரு. அப்பாவின் பழைய கணினி இன்னும் வீட்டில் இருந்தால் அதைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர்தான் இந்தப் பூட்டுக்குச் சாவி. எழுத்துருவின் பெயர் தெரிந்தால்தான் பிறகு மாற்ற முடியும்.

திறப்பதற்கு மூன்று வழி. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினியில் பேஜ்மேக்கரிலேயே திறப்பது முதல் வழி, பக்கம் அப்படியே வரும். இரண்டாவது, இன்டிசைன் சி.எஸ்.6 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு, பேஜ்மேக்கர் 6, 6.5, 7 கோப்புகளைத் திறக்கும். பிற்கால இன்டிசைன் திறக்காது. மூன்றாவது, இலவசமான லிப்ரெஆபீஸ். 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அதில் உள்ள டிரா என்ற பகுதியில் பேஜ்மேக்கர் கோப்புகள் திறக்கும், அமைப்பு கொஞ்சம் கலையலாம், ஆனால் எழுத்து கைக்கு வரும்.

எந்த வழியில் திறந்தாலும் முதல் வேலையாக ஒரு பி.டி.எஃப். போட்டு வையுங்கள். பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. அதன் பிறகு எழுத்தை மட்டும் தனியாக வெளியே எடுத்து யூனிகோடு மாற்றியில் போடுங்கள். என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை பல பழைய எழுத்துருக்களைப் புரிந்துகொள்ளும். கொம்பு முன்னால், எழுத்து பின்னால் என்று கிடப்பதை எல்லாம் அது வரிசை மாற்றித் தரும்.

மாறி வந்ததை அப்படியே நம்ப வேண்டாம், ஒருமுறை புரூஃப் பார்க்க வேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் இடையே குழப்பம் இருக்கும், ஏனென்றால் சிலர் கால் அடிக்க வேண்டிய இடத்தில் ர அடித்து, பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று விட்டிருப்பார்கள். 'ஔ' வரும் சொற்களில் பின்னால் வரும் ள தனி எழுத்தாக நின்றுவிடும், 'கௌரி' என்பது 'கெளரி' ஆகியிருக்கும். மேற்கோள் குறிகள், எண்கள், ஆங்கிலச் சொற்கள் வேறு எழுத்தாகியிருக்கும். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று வைத்துக்கொண்டால் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

ஃபிளாப்பிகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் மங்கும், ஈரமான ஊரில் பூஞ்சை பிடிக்கும், உங்கள் ஊர் கடலோரம் வேறு. வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாமல் தனியே எடுத்து வையுங்கள், ஒன்றிலிருந்து டிரைவின் தலைக்கும் அதிலிருந்து அடுத்ததற்கும் ஒட்டிக்கொள்ளும். நல்லவற்றை இந்த வாரமே நகலெடுங்கள். எழுத்துருவின் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அச்சான ஒரு பக்கத்தின் போட்டோவையும் அந்தக் கோப்பில் ஒன்றையும் இந்த இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.